சூடேறிய வாணலியும் மக்காச்சோள மாவும்: கார்ன்பிரெட் குறித்த வாசகர் கேள்விகள்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் சமையலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, வார்ப்பிரும்பு வாணலியில் சுட்டெடுக்கும் கார்ன்பிரெட்டைக் குறித்து இரண்டே வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களே இம்முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. கேட்டவர்களில் பெரும்பாலோர் அதைக் கேக்காக நினைத்துச் செய்து ஏமாந்திருக்கிறார்கள். ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்ன்பிரெட் கேக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. பக்குவத்தில் அது நம் அடைக்குத்தான் நெருங்கிய உறவு.

கேள்வி: கார்ன்ஃப்ளார் பாக்கெட் வாங்கி, மோரும் முட்டையும் சேர்த்துக் கரைத்து அவனில் வைத்தேன். வெளியே எடுத்தால் ரொட்டியாக இல்லை. காய்ந்த பசைபோல வெள்ளையாக இழுபட்டது. எங்கே தவறினேன்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: தவறு தங்களுடையதன்று, பாக்கெட்டின் மேல் அச்சிட்ட பெயருடையது. நம் கடைகளில் கார்ன்ஃப்ளார் என்று விற்கப்படும் அந்த வெண்மையான, வழுவழுப்பான பொடி, மக்காச்சோளத்தின் தோல், முளைக்கரு, புரதம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு எஞ்சிய மாவுச்சத்தை மட்டும் பிரித்தெடுத்தது. சூப்பைக் கெட்டிப்படுத்தவும் மஞ்சூரியனுக்கு மேல்மாவாகவும் அது உதவும், ரொட்டிக்கு உதவாது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே பாக்கெட்டை நம்பி, சட்டியைச் சுரண்டுவதிலேயே ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தவன்.

கார்ன்பிரெட்டுக்கு வேண்டியது காய்ந்த மக்காச்சோள மணியைக் கொரகொரப்பாக உடைத்த மாவு. அமெரிக்காவில் அதற்குக் கார்ன்மீல் என்று பெயர். இங்கே அதே பதத்தில் கிடைப்பது அரிது. ஆனால் அதன் இருபுறமும் உள்ளவை கிடைக்கின்றன. வட இந்தியர் ரொட்டி தட்டும் மஞ்சள் நிற மக்காச்சோள மாவு ஒன்று, மக்காச்சோள ரவை மற்றொன்று. மாவை மட்டும் போட்டால் ரொட்டி களிபோல இறுகும். ரவையை மட்டும் போட்டால் பல்லில் மணலாக நெருடும். மூன்று பங்கு ரவைக்கு இரண்டு பங்கு மாவு என்று கலந்தால் சரியான பதம் வந்துவிடுகிறது. கடையில் வெறுமனே சோள மாவு என்று கேட்டால் வெள்ளைச் சோளத்தின் மாவைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்பதால், மக்காச்சோளம் என்று முழுப்பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

இதைவிட நல்ல வழியும் ஒன்று உண்டு. காய்ந்த மணியையே வாங்கி, கல் பொறுக்கி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, மாவு மில்லில் நொய்ரவைப் பதத்துக்கு உடைத்துக்கொள்ளலாம். தங்களுக்கு முன் அரிசி அரைத்தவர் நின்றிருந்தால் நல்லது. மிளகாய் அரைத்தவர் நின்றிருந்தால் மறுநாள் போங்கள். தமிழ்நாட்டில் விளையும் மக்காச்சோளத்தின் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. தீவனத்துக்கென்று விற்கும் மூட்டையில் பூஞ்சை பிடித்த மணி கலந்திருக்கக்கூடும் என்பதால், உணவுக்கென்று விற்பதையே வாங்க வேண்டும். முழு மணியை உடைத்த மாவில் முளைக்கருவின் எண்ணெயும் சேர்ந்தே இருக்கும். அந்த எண்ணெய்தான் மணம் தருகிறது, சில வாரங்களில் சிக்கு வாடை அடிப்பதற்கும் அதுவே காரணம். குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நம் வீட்டுப் பாத்திரங்களுக்கும் சிறிய அவனுக்கும் பொருந்தும்படி அளவோடு செய்முறையைத் தர முடியுமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள வார்ப்பிரும்பு வாணலிக்கான அளவைச் சொல்கிறேன். மேற்சொன்ன கலவையில் 200 கிராம், புளித்த கெட்டி மோர் 300 மில்லிலிட்டர், முட்டை ஒன்று, உப்பு முக்கால் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, நெய் மூன்று மேசைக்கரண்டி. அமெரிக்கச் செய்முறைகளில் பட்டர்மில்க் என்று வருவது நாம் வெயிலுக்குக் கரைத்துக் குடிக்கும் நீர்மோர் அன்று. பாலில் நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்கவைத்த, ஊற்றினால் பட்டையாக விழும் கெட்டித் திரவம் அது. ஒரு நாள் புளித்த தயிர் மூன்று பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு விட்டுக் கடைந்தால் ஏறத்தாழ அந்தப் பதம் கிடைக்கும்.

முதலில் மாவையும் உப்பையும் மோரில் கலந்து இருபது நிமிடம் ஊறவிடுங்கள். கடையில் வாங்கும் ரவை மிகவும் உலர்ந்தது. ஊறாமல் அவனுக்குள் போனால் வெந்த பிறகும் உள்ளே நெருநெருவென்றே இருக்கும். ஊறும் நேரத்தில் காலி வாணலியில் நெய்யை விட்டு அவனுக்குள் வைத்து, 220 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுங்கள். சிறிய அவன்களில் வாணலியின் நீண்ட கைப்பிடி கதவை மூடவிடாது. இரண்டு பக்கமும் காது வைத்த வாணலியாகப் பார்த்து வாங்குவது நல்லது. நான் இதை வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வாணலி நன்றாகச் சூடேறியதும் முட்டையை அடித்து மாவில் சேர்த்து, பேக்கிங் பவுடரையும் சோடாவையும் கடைசியாகத் தூவிக் கலக்குங்கள். சோடாவை முன்கூட்டியே போடக்கூடாது. மோரின் புளிப்பைத் தொட்ட நொடியிலிருந்தே அது கரியமில வாயுவை வெளிவிடத் தொடங்கும். அந்தக் குமிழிகள் கிண்ணத்திலேயே செலவாகிவிட்டால் வாணலியில் ரொட்டி எழும்பாது. மாவு இட்லி மாவை விடத் தளர்வாகவும் தோசை மாவை விடக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். இறுகியிருந்தால் இன்னும் கொஞ்சம் மோர் விடலாம்.

இனி வருவதுதான் இந்த ரொட்டியின் உயிர்நிலை. வாணலியைக் கனமான துணியால் பிடித்து வெளியே எடுத்து, அதிலுள்ள நெய்யில் பாதியை மாவில் ஊற்றிச் சட்டென்று கலக்கிவிட்டு, மாவு முழுவதையும் அந்தக் கொதிக்கும் வாணலியில் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது தோசைக்கல்லில் மாவு விழும் அந்தச் 'சொய்' என்ற ஒலி கேட்க வேண்டும். ஓரத்தில் மாவு நுரைத்து, நெய் மேலே ஏறி நிற்க வேண்டும். ஒலி கேட்கவில்லையென்றால் வாணலி சூடாகவில்லை என்று பொருள். அப்படிச் செய்த ரொட்டி வேகும், ஆனால் அதன் அடிப்பாகம் வெளிறி, மெத்தென்று, அவித்ததுபோல இருக்கும். வார்ப்பிரும்பு கனமானது, குளிர்ந்த மாவு விழுந்தாலும் தன் சூட்டை எளிதில் இழக்காது. ஆகவே மாவின் அடி அந்தக் கணமே பொரிந்து மொறுமொறுப்பான ஏடாகிவிடுகிறது. மோரிலுள்ள பாற்சர்க்கரையும் புரதமும் அந்தச் சூட்டில் சேர்ந்து செம்பழுப்பாகச் சிவக்கின்றன.

இருபது முதல் இருபத்திரண்டு நிமிடத்தில் மேற்புறம் ஆங்காங்கே வெடித்து, ஓரம் வாணலியை விட்டு விலகியிருக்கும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, தட்டை மேலே கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பிவிடுங்கள். மொறுமொறுத்த அடிப்பாகம் மேலே வர வேண்டும். வாணலியிலேயே விட்டுவைத்தால் தன் ஆவியிலேயே அது நமுத்துப்போகும்.

கேள்வி: அட்லாண்டாவில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். உணவகத்தில் கொடுத்த கார்ன்பிரெட் கேக்கைப் போலத் தித்தித்தது. பக்கத்து வீட்டு மூதாட்டியோ சர்க்கரை சேர்ப்பது பாவம் என்கிறார். எது மரபு? (வாசகி)

பதில்: அந்த மூதாட்டியிடம் வாதிட வேண்டாம், தென்மாநிலங்களில் இது குடும்பங்களைப் பிரித்த வழக்கு. பொதுவாகச் சொன்னால், வெள்ளை மக்காச்சோள மாவு, பட்டர்மில்க், பன்றிக்கொழுப்பு, சர்க்கரையோ கோதுமை மாவோ இல்லாமை என்பவை தெற்கின் அடையாளம். மஞ்சள் மாவு, சரிபாதிக் கோதுமை மாவு, தாராளமான சர்க்கரை என்பவை வடக்கின் அடையாளம். ஆனால் இந்தக் கோடு அவ்வளவு நேரானதன்று. தெற்கிலேயே கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றில் சர்க்கரை சேர்ப்பதே பாட்டி காலத்து வழக்கமாக இருக்கிறது. வெள்ளையர் வீடுகள் பலவற்றில் அதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள்.

சர்க்கரை எப்படி உள்ளே நுழைந்தது என்பதற்கு உணவு வரலாற்றை எழுதுவோர் சிலர் சொல்லும் காரணம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பழைய நாட்களில் மக்காச்சோளத்தை வயலிலேயே நன்கு முற்றிக் காயவிட்டு, ஊர்த் தண்ணீர் ஆலையின் கல்லில், முளைக்கருவோடு சேர்த்து அரைத்தார்கள். அந்த மாவுக்கே ஓர் இயல்பான இனிப்பு இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃகு உருளை ஆலைகள் பெருகியபோது, மாவு பல மாதங்கள் கெடாமல் இருப்பதற்காக முளைக்கருவை நீக்கினார்கள். எண்ணெயோடு மணமும் இனிப்பும் போயின. சுவை குறைந்த மாவை ஈடுகட்டச் சர்க்கரையும், கட்டுக்கோப்புக்குக் கோதுமை மாவும் வந்து சேர்ந்தன.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால், ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, செரோக்கி, சோக்டா, சிக்கசா முதலிய பூர்வகுடிகள் இம்மண்ணில் மக்காச்சோளத்தை இடித்து அப்பங்கள் சுட்டு உண்டுவந்தார்கள். அந்த அப்பத்தில் முட்டையும் கிடையாது, சோடாவும் கிடையாது. தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களுக்கு வாரத்துக்கு ஒரு பெக், அதாவது ஏறத்தாழ ஒன்பது லிட்டர் மக்காச்சோள மாவும் கொஞ்சம் உப்புப் பன்றியிறைச்சியும் படியாக அளக்கப்பட்டன. மாவும் தண்ணீரும் உப்பும் பிசைந்து அடுப்புச் சாம்பலிலேயே புதைத்துச் சுட்ட அப்பம்தான் பலருக்கு அன்றாட உணவாக இருந்தது. இதையெல்லாம் வைத்துப் பார்க்கையில், மரபு என்ற சொல்லைச் சர்க்கரைக் கரண்டியால் அளப்பது சரியாகப் படவில்லை. எனக்குத் தனிப்பட்ட முறையில் இனிப்பில்லாததே பிடிக்கும். குழம்போடு உண்பதற்கு அதுதான் பொருந்துகிறது.

கேள்வி: எங்கள் வீட்டில் முட்டையும் சேர்ப்பதில்லை, பன்றிக்கொழுப்பைச் சொல்லவே வேண்டாம். சைவமாகச் செய்தால் அது கார்ன்பிரெட் ஆகுமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: தாராளமாக ஆகும். கொழுப்புக்கு மாற்று நெய்யே. வெண்ணெய் வேண்டாம், அதிலுள்ள பால்திடப்பொருள் அந்தச் சூட்டில் கருகிக் கசந்துவிடும். கடலை எண்ணெயும் தாங்கும். நல்லெண்ணெயின் மணம் மக்காச்சோளத்தை அமுக்கிவிடுவதால் நான் அதைத் தவிர்க்கிறேன்.

முட்டையைப் பொறுத்தவரை, மக்காச்சோளத்தில் கோதுமையைப் போன்ற பசையம் இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ரொட்டியைப் பிடித்து நிறுத்துவதில் முட்டைக்குப் பெரும் பங்குண்டு. அதை நீக்கினால் வெட்டும்போது உதிரும். அதற்கு அந்த மண்ணிலேயே ஒரு வழி இருக்கிறது. மாவில் கால்பங்கை எடுத்து, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை அதில் ஊற்றிக் கிளறினால் மாவு வெந்து பசைபோல இறுகும். கொழுக்கட்டைக்கு நாம் மாவு கிளறுகிறோமே, அதேதான். ஆறியபின் அதை மீதி மாவோடும் மோரோடும் சேர்த்தால், முட்டை செய்யும் வேலையில் பாதியை அது செய்துவிடும்.

இன்னும் எளியதும் உண்டு. மாவு முழுவதிலும் உப்புப் போட்டுக் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, உள்ளங்கையில் தட்டி, சூடான எண்ணெயில் இருபுறமும் சிவக்க எடுப்பது தென்மாநிலங்களில் இன்றும் வழக்கில் உள்ள வெந்நீர்க் கார்ன்பிரெட். முட்டை, மோர், சோடா எதுவும் அதற்குத் தேவையில்லை. தங்கள் ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு செய்தி. மக்காச்சோளக் கதிரின் வடிவில் குழிகள் வார்த்த இரும்பு அச்சுகளில் இந்த மாவை ஊற்றிச் சுடும் வழக்கம் அங்கே உண்டு. ஆகவே குழிப்பணியாரக் கல்லில் ஊற்றினாலும் குலப்பெருமை குறையாது.

கேள்வி: அவன் இல்லை. அடுப்பில் செய்ய முடியுமா? (வாசகர், சென்னை)

பதில்: முடியும். வீடுகளில் அவன் வருவதற்கு முன் அவர்களும் கால் வைத்த இரும்புச் சட்டியைத் தணல்மேல் நிறுத்தி, மூடியின் மேலும் தணலைக் கொட்டித்தான் சுட்டார்கள். கேஸ் அடுப்பில் வாணலியை நன்றாகக் காயவைத்து மாவை ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்துத் தீயைச் சிறியதாக்கி, கனமான மூடியால் மூடிப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் விடுங்கள். மேற்புறம் ஈரம் வற்றியதும் தட்டில் கவிழ்த்து, மறுபக்கத்தையும் ஐந்து நிமிடம் சுட்டெடுங்கள். மாவு இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

கேள்வி: இதையே அன்றாட உணவாக உண்ட அமெரிக்க ஏழைகளுக்கு ஒரு கொடிய நோய் வந்ததாகப் படித்தேன். அப்படியிருக்க நாம் இதை உண்ணலாமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: தாங்கள் குறிப்பிடுவது பெலாக்ரா. தோல் வெடித்து, வயிற்றுப்போக்கு கண்டு, கடைசியில் புத்தி பேதலிக்கச் செய்யும் அந்நோய், இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் தென்மாநிலங்களில் பல்லாயிரம் பேரை வாட்டியது. தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையால் அனுப்பப்பட்ட மருத்துவர் ஜோசஃப் கோல்ட்பெர்கர், அனாதை இல்லங்களிலும் மனநோய் விடுதிகளிலும் நோய் உள்ளிருப்போரை மட்டும் தாக்கி, அவர்களோடு பழகும் பணியாளர்களை விட்டுவிடுவதைக் கவனித்து, காரணம் தட்டில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டினார். மக்காச்சோள மாவு, கொழுப்பிறைச்சி, சர்க்கரைப்பாகு என்ற மூன்றையே ஆண்டு முழுவதும் உண்டவர்களுக்கு அது வந்தது. பாலும் இறைச்சியும் பயறும் கிடைத்தவர்களுக்கு வரவில்லை. குறைபட்டது நியாசின் என்ற உயிர்ச்சத்து என்பது 1937-இல் கான்ராட் எல்வேஜெமின் ஆய்வால் தெளிவாயிற்று.

மக்காச்சோளத்தில் நியாசின் இல்லாமல் இல்லை. உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிகோ மக்கள் மணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, அதன்பிறகே அரைத்தார்கள். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் மரச்சாம்பல் கரைசலைப் பயன்படுத்தினார்கள். சுண்ணாம்பு, சாம்பல் இவற்றின் காரத்தன்மை நியாசினின் கட்டை அவிழ்த்துவிடுகிறது. வந்தேறிய ஐரோப்பியர் தானியத்தை மட்டும் பெற்றுக்கொண்டு, பக்குவத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். பின்னாளில் முளைக்கரு நீக்கிய ஆலை மாவும் சேர்ந்து நிலைமையை மோசமாக்கியது. கலப்பு உணவு உண்ணும் ஒருவர் வாரத்துக்கு இரண்டு முறை கார்ன்பிரெட் உண்பதால் அந்நோய் வராது. பயறும் கீரையும் கூட இருந்தால் கவலையே வேண்டாம்.

கேள்வி: புது வார்ப்பிரும்பு வாணலியில் ரொட்டி அடியோடு ஒட்டிக்கொண்டது. பழக்குவது எப்படி? (வாசகி, மதுரை)

பதில்: தோசைக்கல்லைப் பழக்கத் தெரிந்தவருக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கழுவித் துடைத்து, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிட்டு, எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, புகை வரும்வரை சூடேற்றி ஆறவிடுங்கள். நான்கைந்து முறை செய்தால் கறுத்துப் பளபளக்கும். எண்ணெய் அதிகமானால் பிசுபிசுக்கும். சிறிதளவு சோப்பு பட்டால் கெட்டுவிடாது, ஆனால் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். அதில் புளிக்குழம்பும் வைக்க வேண்டாம். புளிப்பு நெடுநேரம் கொதித்தால் பழகிய ஏடு கரைந்துபோகும். கார்ன்பிரெட்டின் மோர் அரைமணி நேரம்கூட வாணலியில் இருப்பதில்லை என்பதால் அதனால் கெடுதல் இல்லை.

டென்னசியில் சவுத் பிட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் ஜோசஃப் லாட்ஜ் என்பவர் 1896-இல் தொடங்கிய வார்ப்பாலை, 1910-இல் தீக்கிரையாகி மீண்டும் எழுந்து, இன்றும் இத்தகைய வாணலிகளை வார்த்துவருகிறது. அதே ஊரில் 1997 முதல் கார்ன்பிரெட்டுக்கென்றே திருவிழாவும் நடத்துகிறார்கள். ஆனால் அங்குள்ள பல வீடுகளில் பாட்டியின் வாணலிதான் பேத்திக்குச் சீர். தங்கள் பாட்டியின் கல் பரணில் கிடந்தால், புதியதை ஓரமாக வைத்துவிட்டு அதை இறக்குங்கள்.

கேள்வி: எதனோடு உண்பது? (வாசகர், திருச்சி)

பதில்: பன்றியெலும்பு போட்டு வேகவைத்த பிண்டோ பயறு, காலார்ட் கீரை, இவைதாம் அங்கே முதல் துணை. கீரை வெந்த தண்ணீரை அவர்கள் கொட்டுவதில்லை. பாட்லிக்கர் என்று பெயரிட்டுக் கிண்ணத்தில் ஊற்றி, ரொட்டியோடு உண்கிறார்கள். அதில் ரொட்டியைத் தோய்த்துத் தின்பதா, நொறுக்கிப் போட்டுத் தின்பதா என்று 1931-இல் ஒரு பெரிய விவாதமே நடந்தது. தோய்ப்பதே முறை என்றார் லூயிசியானா ஆளுநர் ஹியூயி லாங். நொறுக்குவதே முறை என்றார் 'அட்லாண்டா கான்ஸ்டிட்யூஷன்' நாளிதழின் ஆசிரியர்களுள் ஒருவரான ஜூலியன் ஹாரிஸ். வாரக்கணக்கில் பத்திரிகைகள் அதை எழுதின. அப்போது நியூயார்க் ஆளுநராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இவ்விவகாரத்தைக் கட்சி மாநாட்டின் குழுவுக்கே அனுப்பிவிடலாம் என்று வேடிக்கையாகத் தந்தி அடித்து, தாம் நொறுக்கும் பக்கம் என்பதையும் தெரிவித்தார்.

நம் வீட்டில் தட்டைப்பயறுக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் இதற்கு நன்றாகப் பொருந்துகின்றன. மீந்தால் கவலையில்லை. மறுநாள் காலையில் குளிர்ந்த ரொட்டியை உயரமான கண்ணாடிக் குவளையில் நொறுக்கிப் போட்டு, குளிர்ந்த பட்டர்மில்க்கை அதன்மேல் ஊற்றி, நீண்ட கரண்டியால் எடுத்து உண்பது அங்கே வயதானவர்களின் வழக்கம். சிலர் பச்சை வெங்காயத்தையும் கூடவே கடித்துக்கொள்கிறார்கள். பழைய சோற்றில் மோர் விட்டுச் சின்ன வெங்காயம் கடிப்பவருக்கு அந்தக் குவளையை யாரும் விளக்க வேண்டியதில்லை.